நான்கு முதல் பன்னிரண்டு வரை

நாற்பது நிமிடங்களுக்குக் கையை அசைக்கக் கூடாது. நான் அசைக்க மாட்டேன் என்பது இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே என்னை இந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். வலது முன்கை நீல நிற ஸ்பாஞ்சின் மேல், உள்ளங்கை மேல்நோக்கி, விரல்கள் தம் போக்கில் மடங்கியபடி. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சாம்பல் நிற உறை. பார்த்தால் எலும்பு முறிவுக்குப் பிறகு மாட்டிக்கொள்ளும் எலாஸ்டிக் பட்டையைப் போலத்தான் இருக்கிறது. தடவினால்தான் நெசவுக்குள் தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பிகள் வரிவரியாக ஓடுவது தெரியும். எண்பத்து நான்கு கம்பிகள். கோத்தவள் நான். மின்சாரம் பாய்ந்து சூடேறினால் கம்பிகள் சுருங்கும், உறை இறுகும், மடிந்து கிடக்கும் மணிக்கட்டை நிமிர்த்தும். உறையின் உட்புறத்தில் தோலைத் தொட்டபடி ஆறு உணரிகள் இருக்கின்றன. வியர்வையையும் நாடியையும் தசைக்குள் ஓடும் மின்சாரத்தையும் அவை படிக்கும். படித்து, இந்தக் கைக்கு வலிக்கிறது என்று தெரிந்தால், உறை தானாகவே விட்டுவிடும். அப்படித்தான் எங்கள் கையேட்டில் அச்சிட்டிருக்கிறோம். "ஒம்பது பதினஞ்சு. ஸ்டார்ட் பண்றேன் மேடம்," என்றார் பிரிட்டோ, ஆய்வகத்தின் தொழில்நுட்பர், பத்தொன்பது ஆண்டுகளாக எனக்குப் பக்கத்து மேசைக்காரர். முதல் முப்பது நிமிடம் ஓய்வு. அடுத்த பத்து நிமிடம் ஏழு நிலைகளாக இறுக்கம். பத்து மணிக்கு, நோயாளிக்குப் போடுவதை மேற்பார்க்க டாக்டர் வருவார். அவர் வந்ததும் இந்த உறை என் கையிலிருந்து கழன்று, சுவரோரம் இரும்பு அலமாரியை ஒட்டிப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாசிலாமணியின் கைக்குப் போகும். போகக் கூடாது. அது எனக்குத் தெரியும், பிரிட்டோவுக்குத் தெரியும், ஆய்வகத் தலைவர் கோவர்த்தனன் சாருக்கு வியாழக்கிழமையிலிருந்து தெரியும். மாசிலாமணிக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியாது.

முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர் மாசிலாமணி. ஒன்பது மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையையும், அதோடு கூடப் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. காலையில் அவர்கள் வந்ததும் சார் அவரிடம் குனிந்து, "எப்படி இருக்கீங்கய்யா?" என்று கேட்டபோது அவர் தெளிவாக, கம்பீரமாகக்கூட, "ரைட்" என்றார். காபி வேண்டுமா என்றதற்கும் ரைட். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று காட்டியதற்கும் ரைட். அவர் மனைவி பழனாத்தாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எதக் கேட்டாலும் அதேதானுங்க மேடம். பஸ்ஸு எங்கியும் போகுல, இவரு மட்டும் ரைட்டுக் குடுத்துட்டே இருக்கறாரு." பிறகு சாரிடம் சொன்னார், "அதனால சார், அவரு ரைட்டுனுட்டா சரின்னு நெனச்சுப் போடாதீங்க. வேண்டாம்னா இந்த எடக்கையில தட்டுவாரு. நிறுத்தச் சொல்லி பஸ்ஸத் தட்டற மாதிரி. ஊட்ல பீரோவத் தட்டித் தட்டிப் பள்ளமே ஆயிப் போச்சு." சார் கைகழுவும் திரவத்தை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே, "அதெல்லாம் சிஸ்டத்துக்குத் தேவையே இல்லம்மா," என்றார். "அவர் சொல்லவே வேண்டாம். தோலே சொல்லிடும். சொல்ல முடியாதவங்களுக்காகத்தானே இதைச் செஞ்சிருக்கோம்." பழனாத்தாள் அதை நம்பினார். நம்பியதை அவர் தோள்களில் பார்த்தேன். ஒன்பது மாதமாகத் தூக்கிப் பிடித்திருந்த எதையோ அவை சற்றே இறக்கி வைத்தன. மாசிலாமணியின் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மடங்கிய விரல்களுக்குள் தன் சுட்டுவிரலை நுழைத்து உட்கார்ந்திருக்கிறார். கையின் மேல்தோல் வெங்காயச் சருகு போலிருக்கிறது. இங்கிருந்தே இரண்டு ஊதா நிறத் திட்டுகள் தெரிகின்றன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், லேசாக இடித்துக்கொண்டாலே கன்றிவிடும் என்று கோப்பில் எழுதியிருக்கிறது. ஏழாம் நிலை இடிப்பதைப் போன்றதன்று. ஏழாம் நிலை என்பது ஈரத் துணியைப் பிழிவது.

கம்பிக்கு நினைவு உண்டு என்று வருகிறவர்களிடம் சொல்வோம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது நான்தான் செய்து காட்டுவேன். கம்பியை விரும்பியபடி வளைத்துச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, மின் உலையில் ஐந்நூறு டிகிரியில் அரைமணி நேரம் வைத்து, எடுத்தவுடன் தண்ணீரில் போட வேண்டும். சுர்ரென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அதை எப்படி வேண்டுமானாலும் முறுக்கலாம், கசக்கலாம், பைக்குள் சுருட்டி வைக்கலாம். சூடு பட்டதும் சட்டத்தில் கட்டிவைத்த வடிவத்துக்குத் திரும்பிவிடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நினைவு என்று அதை யார் சொல்ல ஆரம்பித்தார்களோ தெரியாது. கட்டிப்போட்டுச் சுட்டவனின் விருப்பத்துக்கு நினைவு என்று பெயர் வைப்பது அவ்வளவு சரியன்று என்று எனக்கு எப்போதும் தோன்றும், வகுப்பில் சொன்னதில்லை. கம்பியைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை, கம்பி நேர்மையானது. உறைக்குள் இருக்கும் இன்னொரு நினைவுதான், கணினியில் நாங்கள் ஏற்றிவைத்த நினைவுதான், நேர்மையற்றது. வலி என்றால் என்ன, ஓய்வு என்றால் என்ன என்று பன்னிரண்டு தன்னார்வலர்களின் கைகளிலிருந்து அது கற்றுக்கொண்டது. பன்னிரண்டு பேர் என்பது கட்டுரையில் இருக்கிறது, ஒப்புதல் கோப்பில் இருக்கிறது, கீழே வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டிய படத்தில் இருக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் பன்னிரண்டு பேர் வரவும் செய்தார்கள். எல்லோரும் விடுதி மாணவர்கள். நான்காம் நிலை வந்ததும் அவர்களுக்கு வியர்த்தது, கை துள்ளியது, நாடி தாறுமாறாக ஏறியது. இரண்டு பேர் மெஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். திரையில் கோடுகள் கிறுக்கலாக இருந்தன. கணினி எதையும் கற்றுக்கொள்ள மறுத்தது. மறுவாரம் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. சார் என் மேசைக்கு வந்து நின்று, "மேடம், உங்க ரெக்கார்டிங் ஒண்ணு டெஸ்டுக்கு எடுத்தோமே, அது எவ்ளோ க்ளீனா இருந்துச்சு. இப்போதைக்கு அதை வச்சு நிரப்புங்க. பின்னால மாத்திக்கலாம்," என்றார். நிரப்புதல் என்பது எங்கள் ஆய்வகத்தில் தவறான சொல்லன்று. ஓர் உணரி அறுந்துபோனால் அந்த இடைவெளியை ஆய்வகத்திலேயே எடுத்த பதிவு ஒன்றால் நிரப்புவது எங்களுக்குப் பழக்கம். மூன்று விநாடி, ஐந்து விநாடி. ஐந்து விநாடியை நிரப்பத் தெரிந்த கை ஒரு மனிதனை நிரப்பவும் கற்றுக்கொள்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய எண்கள் மாணவர்கள். நான்கு முதல் பன்னிரண்டு வரை நான்.

திருத்தமாகத்தான் செய்தேன். திருத்தமில்லாமல் எதையும் எனக்குச் செய்யத் தெரியாது என்பதுதான் என் வாழ்க்கையில் பலருக்கும் சௌகரியமாக இருந்திருக்கிறது. ஒரே ஆளின் ஒரே பதிவை ஒன்பது முறை நகலெடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே ஒன்பது நாள், ஒன்பது வேளைகளில் உட்கார்ந்தேன். நான்காம் எண் விளையாட்டு வீரன் என்பதால் மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டு உட்கார்ந்தேன். ஏழாம் எண்ணுக்கு மதியம் சாப்பிடவில்லை. ஒன்பதாம் எண்ணுக்கு இடது கை. பதினொன்றாம் எண் அன்று எனக்குக் காய்ச்சல், அது தானாகவே அமைந்தது. வயது இருபத்திரண்டு, ஆண், எடை அறுபத்தெட்டு என்று எழுதினேன். வயது இருபது, பெண், எடை ஐம்பத்தொன்று என்று எழுதினேன். நாற்பத்தேழு வயதில் ஒன்பது இளைஞர்களாக இருந்தேன். வேறு எந்த விதத்திலும் எனக்குக் கிடைத்திராத அனுபவம். ஒவ்வொரு நிலைக்கும் எதிரே வலியின் அளவை எழுத ஒரு கட்டம் உண்டு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை. ஏழாம் நிலைக்கு எதிரே இரண்டு என்று எழுதினேன். ஒன்பது முறையும் இரண்டு. இரண்டு என்பது மரியாதையான எண். வலிக்கவே இல்லை என்று பொய் சொல்லாது, யாரையும் தொந்தரவும் செய்யாது. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சூடான கயிற்றை இழுப்பது போலிருந்தது உண்மையில். என் முகம் மாறவில்லை. முகம் மாறாதது பெரிய விஷயமன்று, எத்தனையோ பெண்களுக்கு முகம் மாறுவதில்லை. ஆனால் திரையிலும் கோடு மாறவில்லை. வியர்வை இல்லை, நாடி எழுபத்திரண்டு, தசை அமைதி. பிரிட்டோ நாற்காலியைச் சுழற்றித் திரும்பி, "மேடம், உங்க கை சுவரு மாதிரி. ஆணி அடிச்சாக்கூடக் கோடு அசையாது போல," என்றார். நான் பெருமைப்பட்டேன். அதை இப்போது மறைத்துப் பயனில்லை. என் உடம்பைப் பற்றி யாரும் நல்லதாக ஒன்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. சுத்தமான பதிவு என்று சார் மற்றவர்களிடம் காட்டினார். வலி வராததால் சுத்தம் என்று அவர்கள் நினைத்தார்கள். வலியை வெளியே விடாததால் சுத்தம் என்பது எனக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் ஒன்பது பேராக உட்கார்ந்து, ஓர் இயந்திரத்துக்கு, இதோ பார், இப்படிப் பிழிந்தாலும் இதற்குப் பெயர் ஓய்வுதான் என்று கற்றுக்கொடுத்தேன். அது நல்ல மாணவன். ஒன்பது பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். துள்ளிய மூன்று கைகளைப் பிழை என்று முடிவு செய்துகொண்டது.

ஒன்பது முப்பத்தொன்று. பழனாத்தாள் கணவரின் காதருகே, "மேடம் கையில போட்டுப் பாத்துட்டுத்தான் உங்களுக்குப் போடுவாங்களாம். பாருங்க, எப்புடி அசங்காம உக்காந்திருக்கறாங்க," என்கிறார். ரைட், என்கிறார் அவர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது கண்கள் வேறெதையோ சொல்கின்றன. திரையரங்கில் படம் ஒன்றும் ஒலி வேறொன்றுமாக ஓடுவதைப் போல. நான் அவரைப் பார்க்காமலிருக்க மேற்கூரையைப் பார்க்கிறேன். குழல்விளக்கின் ஓரம் கருத்திருக்கிறது. மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதிக் கொடுப்பது என் வழக்கம். வியாழக்கிழமைகூட எழுதிக்கொண்டுதான் போனேன், இந்த உறைக்கு வலி தெரியாது, நோயாளிக்குப் போடக் கூடாது என்று அரைப்பக்கம், நான்கு வரிசை எண்களோடு. சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், இப்ப இதைக் கிளறினா யாருக்கு என்ன லாபம் சொல்லுங்க. நோயாளி மேல போட்டாத்தான் சிஸ்டம் கத்துக்கும். ரெண்டு மூணு பேருக்குப் போட்டா அதுவே சரியாயிடும்." அந்த இரண்டு மூன்று பேர் யார் சார் என்று கேட்க நினைத்தேன். கேட்டேனா? கேட்கவில்லை. "ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கு உங்களுக்கு," என்றார், அக்கறையாகத்தான். பிறகு, நான் கதவருகே போனபோது, "அந்தப் பதிவுப் புத்தகம் உங்க கையெழுத்துலதானே மேடம் இருக்கு?" என்றார். அதுவும் அக்கறையாகத்தான். புத்தகம் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. கைப்பை நாற்காலியின் இடது காலோரம் இருக்கிறது. பச்சை அட்டை. நான்கு முதல் பன்னிரண்டு வரையிலான ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன்? குற்றம் செய்கிறவள் திருத்தமானவளாகவும் இருந்தால் இப்படித்தான். தனக்கு எதிரான சாட்சியைத் தானே அழகாகக் கோடிட்டு வைத்துக்கொள்வாள். ஒருவேளை யாராவது அந்தப் புள்ளிகளைப் பார்த்துக் கேட்பார்கள் என்று ஐந்தாண்டாகக் காத்திருந்தேனோ என்னவோ. யாரும் கேட்கவில்லை. நன்றாக எழுதப்பட்ட பக்கத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அமைதியாக இருப்பவளையும் அப்படித்தான். அங்கே போக வேண்டாம். அந்த பெஞ்சுக்கு இப்போது போக வேண்டாம். ஒன்பது முப்பத்தாறு. இன்னும் ஒன்பது நிமிடம் ஓய்வு.

பச்சைப் பெயின்ட் அடித்த மர பெஞ்சு. போக வேண்டாம் என்று சொன்னால் இந்த மனம் அங்கேதான் முதலில் போய் உட்காரும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு வெளியே, சுவரில் பாதி உயரம் வரை எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நடைபாதையில் அந்த பெஞ்சு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பல்லக் கடிச்சுக்கோ வசு. சத்தம் வெளிய கேக்கக் கூடாது," என்றாள். எங்கள் வீட்டில் பெண்களின் குரல் வாசல் தாண்டியதில்லை. அதை அம்மா ஒரு சொத்தைப் போலச் சொல்லுவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பெண்கள் அலறிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி தன் கணவனை அவன் தகப்பன் பெயர் சொல்லித் திட்டினாள். தாதி அவர்களிடம் ஓடினாள், திரும்பி வந்தாள், மீண்டும் ஓடினாள். என்னைக் கடந்து போகும்போது ஒருமுறை நின்று என் கன்னத்தைத் தட்டி, "இந்தப் பொண்ணப் பாருங்க, எவ்ளோ சமத்து. இப்படி இருக்கணும்," என்று மற்ற இருவருக்கும் கேட்கும்படி சொன்னாள். எனக்கு அப்போதும் பெருமையாக இருந்தது. நான்கு மணி நேரம். அலறியவர்கள் உள்ளே போனார்கள். அமைதியாக இருப்பவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரே ஓட்டமாக ஓடினார்கள். பெண் குழந்தை, எடை இரண்டு கிலோ எழுநூறு, மூச்சு வரத் தாமதம். இரண்டு நாள் இருந்தாள். அட்டையில் அவ்வளவுதான் எழுதினார்கள். பெயருக்கான கட்டம் காலி. வசுமதியின் பெண் குழந்தை என்று எழுதியிருக்கலாம், அதைக்கூட எழுதவில்லை. அந்தத் தாதி கெட்டவள் இல்லை. அழுதாள். என் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, இவ்வளவு நேரம் வாயத் திறக்கலையே நீ," என்று கேட்டாள். சமத்து என்று சொன்ன அதே வாய். இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், குளிக்கும்போதும் பேருந்திலும். ஒரு பதிலும் ஏழு சொற்களுக்கு மேல் போனதில்லை.

"மேடம், இன்னிக்கு சூப்பர் பேஸ்லைன்," என்கிறார் பிரிட்டோ, ஓய்வுக் கோட்டைக் காட்டி. கண்ணை மட்டும் திருப்பித் திரையைப் பார்க்கிறேன். நாடி எழுபத்தொன்று. பச்சைக் கோடு, பள்ளிக்கூட அளவுகோலால் இழுத்ததைப் போல. அந்த பெஞ்சுக்குப் போய்வந்தேன், அந்த இரண்டு நாளுக்குள் போய்வந்தேன், கோடு ஓர் இம்மியும் ஏறவில்லை. முதன்முறையாக எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்துக்கும் அது ஏறவில்லை. இப்படிச் செய்து பார்க்கலாம் என்றுதான் காலையிலிருந்து மனத்துக்குள் ஒரு கோழைத்தனமான திட்டம் வைத்திருந்தேன்: என் கை இன்றைக்கு ஒருநாள் துள்ளிவிட்டால், வியர்த்துவிட்டால், பதிவு கெட்டுவிடும், சார் தேதியைத் தள்ளிப்போடுவார், நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. என் உடம்பே எனக்காகச் சொல்லிவிடும். தோலே சொல்லிவிடும் என்று சார் சொன்னாரே. ஆனால் என் தோலுக்குச் சொல்லத் தெரியாது. ஐந்நூறு டிகிரியில் கட்டிச் சுட்டுத் தண்ணீரில் போட்டது. இனி எந்தச் சூட்டிலும் இந்த ஒரே வடிவத்துக்குத்தான் திரும்பும். ஒன்பது நாற்பத்தைந்து. சார் உள்ளே வந்து கதவைச் சாத்துகிறார். "இப்ப பாருங்கம்மா, ஒவ்வொரு ஸ்டெப்பா டைட் ஆகும். மேடம் முகத்தைப் பாத்துக்கிட்டே இருங்க. ஏதாவது தெரியுதா பாருங்க," என்று பழனாத்தாளிடம் சொல்கிறார். பெருமையோடுதான் சொல்கிறார். என் முகம்தான் எங்கள் விளம்பரம். ஒன்றாம் நிலை, கை குலுக்குவது போல. இரண்டாம் நிலை, குழந்தை பிடிப்பது போல என்று யாரோ ஒரு மாணவன் குறிப்பு எழுதியிருந்தான், அதை நான் அடித்துவிட்டேன். மூன்று. நான்காம் நிலையில் மூன்று மாணவர்களும் துள்ளினார்கள். ஐந்து. கம்பிகள் சூடேறும் மெல்லிய வாசனை, இஸ்திரிப் பெட்டியின் வாசனை. பழனாத்தாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஒண்ணுமே தெரியலீங்க மேடம் மொகத்துல," என்கிறார், "அப்ப வலிக்காதுங்க போல." என் முகத்தைப் படித்துவிட்டுத் தன் கணவரின் கையை உள்ளங்கையால் ஒருமுறை தடவி, போட்டுக்கொள்ளலாம் என்பதைப் போலத் தட்டிக்கொடுக்கிறார். ஆறாம் நிலை. கட்டத்தில் இரண்டு என்று எழுத வேண்டும். எலும்புக்கும் தோலுக்கும் நடுவே கயிறு. பல்லைக் கடித்துக்கொள் வசு. நாடி எழுபத்திரண்டு.

"வலிக்கிறது," என்றேன். குரல் என்னுடையதாக இல்லை. மேடையில் படித்து ஒப்பிக்கும் குரலாக, திருத்தமான உச்சரிப்போடு இருந்தது. பிரிட்டோ சிரித்தார். சாரும் சிரித்தார், நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள், ஆண்டுக்கு ஒருமுறை நான் வேடிக்கை செய்வதுண்டு. ஏழாம் நிலை. அப்போது அது வந்தது. வாயிலிருந்து வந்ததா, அந்த பெஞ்சிலிருந்து வந்ததா தெரியவில்லை, வார்த்தை இல்லாமல், அம்மா பிடித்திருந்த கையை உதறிக்கொண்டு, நடைபாதை முழுவதும் கேட்கும்படி, தாதி ஓடி வரும்படி, நான் அலறினேன். என் அலறலை நானே அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது அருவருப்பாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. உறை விடவில்லை. விடாது, அதற்குக் காது இல்லை, அதற்கு வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. தோலைப் படித்தது, ஓய்வு என்று புரிந்துகொண்டது, ஏழாம் நிலையை விதிப்படி நாற்பது விநாடிக்கு நீட்டியது. பிரிட்டோவின் கை விசைக்கு மேல் நின்றது. பதிவைப் பாதியில் நிறுத்த சார் சொல்ல வேண்டும் என்பது ஆய்வக விதி. சார் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை அல்ல. திரையில் ஒன்றும் இல்லையே என்கிற குழப்பம் அவர் முகத்தில். "மேடம், என்ன இது, கோடு நார்மலாத்தானே இருக்கு," என்றார். அந்த நேரத்தில்தான் அலமாரி அதிர்ந்தது. மாசிலாமணி இடது கையை விரித்து இரும்பு அலமாரியை அறைந்தார். ஒருமுறை, இன்னொரு முறை. ஓடும் பேருந்தின் தகரத்தில், யாரோ படியிலிருந்து விழப்போவதைப் பார்த்த நடத்துநர் அறைவாரே, அந்த அறை. "ரைட்! ரைட்!" என்று கத்திக்கொண்டே அறைந்தார். பத்தொன்பது வருடமாகத் தினம் இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருகிற பிரிட்டோவின் கை, சார் சொல்வதற்குக் காத்திராமல், தகரச் சத்தத்துக்குப் பணிந்து விசையை அழுத்தியது. மின்சாரம் நின்றாலும் கம்பி உடனே விடாது. ஆற வேண்டும். பதினொரு விநாடி. நான் எண்ணினேன், எண்ணுவது என் வழக்கம்.

உறையைக் கழற்றியபோது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்பத்து நான்கு சிவப்புக் கோடுகள். பழனாத்தாள் எழுந்து வந்து என் கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திப் பார்த்தார். திரும்பிப் போய்க் கணவரின் வலது கையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டார், குளிருக்கு மூடுவதைப் போல. "நாங்க கெளம்பறமுங்க சார்," என்றார். "டாக்டர் வர்ற நேரம்மா, அஞ்சு நிமிஷம்," என்றார் சார். "வரட்டுமுங்க," என்றார் பழனாத்தாள், கணவரின் செருப்பைக் கால் பக்கம் தள்ளி வைத்தபடி. நான் இடது கையால் கைப்பையைத் திறந்து பச்சைப் புத்தகத்தை எடுத்தேன். நான்காம் எண்ணின் பக்கத்தில் விரித்து, காற்றில் மூடிவிடாமலிருக்க அதன் மேல் ஸ்பாஞ்சுத் தலையணையை வைத்தேன். "டாக்டர் பார்க்க வேண்டும்," என்றேன். சார் புத்தகத்தைப் பார்த்தார், பென்சில் புள்ளிகளைப் பார்த்தார். ஐந்தாண்டில் முதல்முறையாக ஒருவர் அவற்றைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. அவர் குரல் இறங்கி, உண்மையாகவே வருத்தப்படுகிற ஒருவரின் குரலாக இருந்தது. "ஏன் மேடம், இத்தனை நாளா வாயத் திறக்கலையே நீங்க?"

அதே கேள்வி. அந்தத் தாதி கேட்டது, ஏறக்குறைய சொல்லுக்குச் சொல். "வியாழக்கிழமை திறந்தேன் சார்," என்றேன். "மெதுவாகத் திறந்தேன்." அவர் கதவைப் பார்த்தார். படிக்கட்டில் யாரோ ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பிரிட்டோ திரையை விட்டுத் திரும்பாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த ரன்ன எந்த எண்ல சேவ் பண்றது மேடம்?" என்று கேட்டார். கோடு அங்கே அப்படியே நின்றிருந்தது, தொடக்கத்திலிருந்து முடிவு வரை மட்டமாக. நான் அலறிய இடம் எது என்று என்னாலேயே அதில் கண்டுபிடிக்க முடியவில்லை. "எண் வேண்டாம். பெயர் போடுங்கள்," என்றேன். "வசுமதி. பெண். வயது ஐம்பத்திரண்டு." அவர் தட்டச்சு செய்தார். வலியின் அளவுக்கான கட்டம் வந்தது; கணினி அதைத் தானாக நிரப்பாது, யாராவது சொல்ல வேண்டும். அவர் விரல் பழக்கத்தில் இரண்டாம் எண்ணின் மேல் போய் நின்றது. நின்று, எனக்காகக் காத்திருந்தது.

"ஒன்பது," என்றேன்.